சுவருக்கு அந்தப் பக்கம்

அமெரிக்கக் கடைகளில் ரைஃபிள் தோட்டா பெரும்பாலும் இருபது இருபதாக அட்டைப்பெட்டியில் வருகிறது. வீட்டுக் காவலுக்கென்று அங்கே பலர் வாங்கி வைத்திருக்கும் ஏஆர்-15 வகைத் துப்பாக்கிக்கான .223 தோட்டா ஒன்றைக் கையில் எடுத்தால், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கூடு, அதன் வாயில் செருகிய செம்பு நிறக் குண்டு, அடியில் வட்டமாக ஒரு பொட்டு. வழக்கமான குண்டின் எடை 55 கிரெய்ன். நம் கணக்கில் மூன்றரை கிராம் சொச்சம். அரைப் பவுன்கூடத் தேறாது. அது குழாயை விட்டு நொடிக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிளம்புகிறது. கூடு ஒன்றேதான், குண்டில்தான் ரகம். முழுக்கச் செம்பு உறை போட்டது ஒன்று, நுனியில் ஈயம் வெளியே தெரிவது ஒன்று, நுனியில் சிறு குழி வைத்தது ஒன்று, உள்ளே எஃகுத் துண்டு பொதிந்து முனைக்குப் பச்சை வண்ணம் அடித்தது இன்னொன்று. இதில் எதை வாங்குவது என்பதைக் கடைக்காரரும் வாங்குபவரும் இயந்திரக் கணக்காகவே பேசிக்கொள்கிறார்கள்: எவ்வளவு ஆழம் போகும், எவ்வளவு விரியும், என்ன விலை. என்னைக் கேட்டால், ஒரு குடும்பஸ்தர் தன் வாழ்நாளில் சந்திக்கும் மிகக் கனமான அறக் கேள்விகளில் இது ஒன்று. கனமானது என்று தெரியாமலேயே பலர் அதைக் கடந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

தற்காப்பைப் பற்றி மதங்கள் யோசித்ததெல்லாம் பெரும்பாலும் ராத்திரி நேரத்தைப் பற்றித்தான். கதவு உடைகிறது, இருட்டில் ஓர் உருவம், பின்னால் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அந்தக் கணத்தில் கையில் கிடைத்ததை வீசிய மனிதனைக் கடவுள் என்ன கேட்பார் என்பதே பழைய கேள்வி. அவனுக்கு யோசிக்க நேரமில்லை. பயம் அவனை ஆட்டியது. ஆகவே அவனிடம் இரக்கம் காட்டப் பல மரபுகளும் ஒரு வழி கண்டுபிடித்தன. தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறவர் அந்த இடத்தில் இல்லை. சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல், விலையை ஒப்பிட்டுப் பார்த்து அவர் ஒரு பெட்டியை எடுக்கிறார். இன்னும் வராத ஒரு மனிதனின் உடலுக்குள் என்ன நடக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்கிறார். இரவில் விரல் அசைவது ஒரு நொடி. அந்த நொடிக்குள் எண்ணத்தைத் தேடினால் பயம்தான் அகப்படும். எண்ணம் இருந்தது பகலில். ராத்திரிக்காரனுக்குக் கிடைக்கும் மன்னிப்பு பகல்காரனுக்கு அப்படியே போய்ச் சேராது.

கிறிஸ்தவ மரபில் இந்தக் கேள்விக்கு அடித்தளம் போட்டவர் தாமஸ் அக்வினாஸ். 1274இல் இறந்த அவர் தமது பெரிய இறையியல் நூலின் இரண்டாம் பாகத்தில், 64ஆம் வினாவின் 7ஆம் பகுதியில் தற்காப்பை எடுத்துக்கொள்கிறார். அவருக்கு முன்னால் பாதை கடுமையாக இருந்தது. மிலானின் ஆயர் அம்புரோஸ், ஆயுதத்தோடு வரும் கொள்ளைக்காரனைக்கூடக் கிறிஸ்தவன் தன் உயிருக்காகத் திருப்பி அடிக்கலாகாது என்று எழுதியிருந்தார். அவருடைய மாணவர் என்றே சொல்லத்தக்க அகஸ்டின், படைவீரனோ பொறுப்பில் உள்ள அதிகாரியோ அல்லாத ஒருவன் தன்னைக் காக்கக் கொல்வதை ஒப்பவில்லை. அக்வினாஸ் இவர்களை மறுக்காமல் ஒரு வாசலைத் திறந்தார். ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம். ஒன்றை நாடிச் செய்கிறோம், மற்றது கூடவே வந்துவிடுகிறது. செயலின் குணத்தைத் தீர்மானிப்பது நாடியது எதுவோ அதுதான். தன் உயிரைக் காக்க நாடியவன், அதனால் தாக்க வந்தவன் இறந்துபோனாலும், கொலையை நாடியவன் ஆகமாட்டான். ஆனால் அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார். காப்பதற்குத் தேவையான அளவைத் தாண்டி வன்மை காட்டினால் அது முறையற்றதாகிவிடும்.

இந்த வாசல் வழியாகத்தான் ஏழு நூற்றாண்டுகளாகக் கத்தோலிக்கச் சிந்தனையும், அதை ஒட்டி மேற்கத்தியச் சட்டமும் நடந்து வந்திருக்கின்றன. 1604இல் இங்கிலாந்தில் ஸெமெய்ன் வழக்கில் வீட்டைக் கோட்டையாகக் கருதிய தீர்ப்பும், 2008இல் ஹெல்லர் வழக்கில் வீட்டுக்குள் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சொன்னதும் அந்த நெடும்பாதையில் வருபவை. உரிமை உண்டா இல்லையா என்பது அந்த நாட்டில் முடிந்துபோன வாதம். நான் பேசுவது உரிமை முடிந்த இடத்தில் தொடங்குவதைப் பற்றி. கொலையை நாடவில்லை என்று சொல்பவரின் கையில் இருக்கும் குண்டு என்ன சொல்கிறது?

குண்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது நம் நாட்டைத் தொட்டுச் செல்லும் வரலாறு. இன்று கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் என்ற ஊரில் ஆங்கிலேயரின் ஆயுதச் சாலை ஒன்று இருந்தது. 1890களில் வடமேற்கு எல்லைச் சண்டைகளில், முழு உறை போட்ட புதிய .303 குண்டு மனித உடலைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் விழாமல் ஓடிவருகிறான் என்று படையினர் குறைப்பட்டார்கள். டம்டம் சாலையில் உறையின் நுனியை நீக்கி ஈயம் தெரியும்படி செய்தார்கள். உடலில் பட்டதும் குண்டு காளானாக விரிந்தது. 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் இப்படி விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று உறுதிமொழி எடுத்தன. பிரிட்டனும் அமெரிக்காவும் அப்போது எதிர்த்தன. பிரிட்டன் 1907இல் சேர்ந்துகொண்டது, அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை. அந்த மாநாட்டில் பிரிட்டன் சார்பில் பேசிய ஜெனரல் ஜான் ஆர்டா ஒரு காரணம் சொன்னார். நாகரிக நாட்டுப் படைவீரன் சிறு குண்டு பட்டாலும் அடிபட்டுவிட்டோம் என்று உணர்ந்து நின்றுவிடுவான். காட்டுமிராண்டி அப்படி நிற்கமாட்டான், அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தக் காரணத்தை மனதில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

போர்க்களத்தில் கொடுமை என்று விலக்கப்பட்ட அதே குண்டைத்தான் இன்று அமெரிக்க வீட்டுக்கும் காவல்துறைக்கும் சரியானது என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். நியூயார்க் நகரக் காவல்துறை 1990களின் இறுதியில் முழு உறைக் குண்டிலிருந்து குழிமுனைக் குண்டுக்கு மாறியது. உறைக் குண்டு குறிபட்டவரைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்பவர் மீது பாய்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். நியூ ஜெர்சிச் சட்டம் நீண்ட காலமாகக் குழிமுனைக் குண்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள இடம் கொடுத்து, வெளியே எடுத்துச் செல்வதைக் கட்டுப்படுத்தி வந்திருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ நகரம் 1994இல் வேட்டைக்கோ விளையாட்டுக்கோ உதவாத விரியும் குண்டுகளை ஊருக்குள் விற்கவே தடை போட்டது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது. ஒரே நாட்டில் ஒரே குண்டு ஓரிடத்தில் பொறுப்பு, மற்றோரிடத்தில் கொடூரம். நகரத்துக்கு நல்லெண்ணம் இருந்தது, ஆனால் அது பாதி மனிதர்களை மட்டுமே எண்ணிக்கையில் சேர்த்தது என்பது என் முடிவு. அதற்குக் காரணம் அமெரிக்க வீட்டின் சுவர்.

அங்கே உள்சுவர் என்பது நம் ஊர்ச் செங்கல் சுவர் அல்ல. மரச்சட்டம் நிறுத்தி, இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்தது. நடுவே வெறும் காற்று. முஷ்டியால் ஓங்கிக் குத்தினால் பள்ளம் விழும். அந்தச் சுவருக்குக் குண்டு ஒரு பொருட்டே அல்ல. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். தாக்கியவன் மீது ஆரம்பத்திலேயே பாய்ந்த கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்று அவன் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டதால் அவன் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் ஜெலட்டின் கட்டியில் சுட்டு ஆழம் அளக்கும் முறையை அந்த அமைப்பு வகுத்தது. குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18ஐத் தாண்டக் கூடாது. துணி, மரப்பலகை, ஜிப்சம் பலகை ஆகியவற்றின் ஊடாகவும் சுட்டுப் பார்க்கிறார்கள். கனமான, மெதுவான கைத்துப்பாக்கிக் குண்டு ஜிப்சத்தின் ஊடே போகும்போது நுனிக் குழியில் மாவு அடைத்துக்கொண்டு விரியாமலே போய்விடுவதுண்டு. அதன் எடை சுமார் 8 கிராம். அடுத்தடுத்து அறை அறையாகத் துளைத்துக்கொண்டு ஓடும். ரைஃபிளின் மூன்றரை கிராம் குண்டோ, மென்மையான நுனியும் அபார வேகமும் கொண்டதாயின், சுவரில் பட்டதும் நிலைகுலைந்து புரண்டு, பல சமயம் உடைந்து, விரைவில் வலு இழக்கிறது. பார்ப்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும். பெரிய துப்பாக்கி என்று நாம் நினைப்பது சில சுவர்களுக்குப் பிறகு சிறியதாகிவிடுகிறது. பச்சை முனைக் குண்டுக்கு இது பொருந்தாது. கடினமான பொருளைத் துளைப்பதற்கென்றே அதற்குள் எஃகு வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த ரகமானாலும் ஒன்று நிச்சயம். மனிதனை நிறுத்தும் அளவுக்கு ஆழம் போகக்கூடிய எந்தக் குண்டும் குறி தவறினால் ஒரு ஜிப்சம் சுவரோடு நிற்காது.

2020 மார்ச் 13 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் பிரியோனா டெய்லரின் வீட்டுக் கதவைப் போலீசார் உடைத்தார்கள். யாரோ கொள்ளையர் என்று நினைத்து உள்ளே இருந்த அவர் நண்பர் ஒரே ஒரு முறை சுட்டார். போலீசார் 32 முறை சுட்டார்கள். பிரியோனா இறந்தார். சில குண்டுகள் சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்குள் போயின. அங்கே ஒரு கர்ப்பிணியும் ஓர் ஆணும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மாநில ஜூரி பதிவுசெய்த குற்றச்சாட்டு, இறந்தவரைப் பற்றியது அல்ல, அடுத்த வீட்டுக்குள் போன குண்டுகளைப் பற்றியது. அதிலும் சம்பந்தப்பட்ட அதிகாரி 2022இல் மாநில நீதிமன்றத்தில் விடுதலையானார். இறந்த பெண்ணுக்கு அந்தக் குற்றச்சாட்டில் இடமில்லாமல் போனது பெரும் அநீதி என்றே நினைக்கிறேன். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதை அந்த வழக்கு உலகத்துக்கு எடுத்துக் காட்டியது.

இந்தக் கடமைக்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது. உபாகமத்தின் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும் என்று ஒரு கட்டளை வருகிறது. யாராவது விழுந்தால் அந்த ரத்தப்பழி வீட்டின்மேல் வராதிருக்க அது. விழுகிறவன் விருந்தாளியா, வேலைக்காரனா, திருடனா என்று கட்டளை கேட்கவில்லை. வீட்டுக்காரன் யாரையும் தள்ளிவிடவும் இல்லை. ஆனாலும் தடுத்திருக்கக்கூடிய ஆபத்தைத் தடுக்காமல் விட்டவன்மேல் பழி வருகிறது. தோட்டாத் தேர்வை நான் இந்தக் கட்டளையின் கீழேதான் கொண்டுவருவேன். வருபவனுக்கு எவ்வளவு காயம் என்பது இரண்டாவது கேள்வி. நான் குறி தவறினால், அல்லது குண்டு அவனைத் தாண்டிப் போனால், யார்மேல் படும் என்பதே முதல் கேள்வி. அந்த முதல் கேள்விக்கு விரியும், உடையும், இலகுவான குண்டுதான் நேர்மையான பதில். போர்க்களத்தில் அது விலக்கப்பட்டதன் காரணம், ஏற்கெனவே விழுந்துவிட்ட வீரனுக்குத் தேவையில்லாத வேதனையைக் கூட்டுகிறது என்பது. வீட்டில் அதே தன்மை, சண்டையில் சம்பந்தமே இல்லாத ஒரு குழந்தையின் உயிரைக் காக்கக்கூடும். குண்டு மாறவில்லை. அதைச் சுற்றி நிற்கும் மனிதர்கள் மாறியிருக்கிறார்கள்.

இங்கே எழும் மறுப்புகளில் மிகக் கூர்மையானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நிறுத்தத்தான் சுடுகிறேன், கொல்ல அல்ல என்பது வெறும் சொல் விளையாட்டு என்பார்கள். நெஞ்சுக்குள் விரியும்படி செய்த குண்டை நெஞ்சைக் குறிவைத்துச் சுடுபவன், மரணத்தை நான் நாடவில்லை என்று சொல்வதை யார் நம்புவது? 20ஆம் நூற்றாண்டில் எலிசபெத் அன்ஸ்கோம் என்ற கத்தோலிக்கத் தத்துவவாதி இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தார். மனதுக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு எண்ணத்தை விரும்பியபடி திருப்பிவிடலாம் என்ற நினைப்பை அவர் கடுமையாகச் சாடினார். அவர் சொன்னது சரி. எண்ணம் உதட்டில் இல்லை, செயலின் அமைப்பில் இருக்கிறது. அப்படியானால் அமைப்பைப் பார்ப்போம். வந்தவன் திரும்பி ஓடினால் சுடுவதை நிறுத்துகிறாரா? விழுந்த பிறகு இன்னொரு முறை சுடுகிறாரா, ஆம்புலன்ஸை அழைக்கிறாரா? ரத்தத்தைக் கட்ட ஒரு துணி வீட்டில் தயாராக இருக்கிறதா? அவன் பிழைத்துக்கொண்டால் தன் நோக்கம் தோற்றுவிட்டது என்று நினைக்கிறாரா, நிறைவேறியது என்று நினைக்கிறாரா? கொலையை நாடியவனுக்கு உயிர் பிழைத்த திருடன் ஒரு தோல்வி. காவலை நாடியவனுக்கு அவன் ஒரு நிம்மதி. சொல் விளையாட்டுக்கு இந்த வேறுபாட்டை உண்டாக்கும் சக்தி கிடையாது.

நீதிமன்றமும் தோட்டாவில் எண்ணத்தைத் தேடியதுண்டு. 2004இல் அரிசோனா மலைப்பாதை ஒன்றில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தன்னை நோக்கி ஓடிவந்த மனிதரைச் சுட்டுக் கொன்றார். அவர் வைத்திருந்தது குழிமுனைக் குண்டு என்பதை அரசுத் தரப்பு ஜூரியின் முன் வலியுறுத்தியது. 2006இல் தண்டனை விதிக்கப்பட்டது, 2009இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. குண்டின் ரகத்தை மட்டும் வைத்துக் கொலை எண்ணத்தைக் கணிப்பது பிழை. மேலே சொன்ன காரணத்தால் அதே ரகம் மற்றவர்மீதான அக்கறையையும் காட்டலாம். ஆனால் எண்ணத்தைக் காட்டிக்கொடுக்கும் வேறு அடையாளங்கள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கச் சந்தையில் நடைபிணங்களைக் கொல்வதற்கென்று சொல்லிப் பச்சையும் கறுப்புமாக அட்டை அச்சடித்த தோட்டாக்கள் வந்தன. விளையாட்டுக்குத்தான் என்றார்கள். எனக்கு ஆர்டாவின் வாதம் நினைவுக்கு வருகிறது. அன்று காட்டுமிராண்டி, இன்று நடைபிணம். நம்மைப் போல் வலியுணரும் மனிதன் அல்ல எதிரே வருகிறவன் என்று குண்டை வாங்கும்போதே முடிவு கட்டிவிடுகிற மனப்போக்கு இது. தேவையான அளவு வன்மை என்று அக்வினாஸ் சொன்னதன் உயிரே, எதிரில் இருப்பவன் மனிதன் என்பதில்தான் இருக்கிறது. மனிதன் இல்லையென்றால் அளவு எதற்கு? ஒரே பெட்டியை ஒருவர் அடுத்த அறைக் குழந்தைக்காக வாங்கலாம், இன்னொருவர் நடைபிணத்துக்காக வாங்கலாம். குண்டு ஒன்றேயானாலும் செயல் இரண்டு.

சமண மரபில் இல்லறத்தாரின் இம்சையை நான்காகப் பிரிப்பார்கள். வேண்டுமென்றே சங்கல்பித்துச் செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, எதிர்ப்பில் நேர்வது. முதலாவது இல்லறத்தாருக்கும் அறவே விலக்கு; மற்றவற்றைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். தற்காப்பு நாலாவதில் சேரும். ஆனால் ராத்திரி நடக்கப்போவதற்குப் பகலிலேயே தோட்டா எடுத்து அடுக்கும்போது, நாலாவது வகை முதல் வகையின் வாசற்படியில் வந்து நிற்கிறது. குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அங்கேதான் கையைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. குண்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே பிசகு என்றால்? சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியில் 1978 முதல் 1983 வரை ஆறு ஆண்டுகளில், துப்பாக்கி வைத்திருந்த வீடுகளுக்குள்ளேயே நேர்ந்த 398 துப்பாக்கி மரணங்களை ஆர்தர் கெல்லர்மனும் அவருடைய சகாவும் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். அவற்றில் 333 தற்கொலைகள். தற்காப்பு என்று கொள்ளத்தக்கவை 9. இந்த ஆய்வு மரணங்களை மட்டுமே எண்ணியது, துப்பாக்கியைக் கண்டு ஓடிய திருடர்களை எண்ணவில்லை என்று அப்போதே சொன்னார்கள். அந்தக் குறை உண்மையானது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் 333 என்ற எண் அந்தக் குறையால் ஒன்றுகூடக் குறைவதில்லை. திருடனுக்காகத் தேடித் தேடி வாங்கிய குண்டு, அதிகம் விரிந்து உடலுக்குள்ளேயே தங்கிவிடும் என்பதற்காக விரும்பி வாங்கிய குண்டு, எதிரே இருப்பவர் யார் என்று பார்த்து நடந்துகொள்வதில்லை. மனம் உடைந்த பதினாறு வயது மகனிடமும் அது அதே வேலையைச் செய்யும். நல்ல குண்டைத் தேடும் ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது கண்ணெடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை. அது போக வேண்டிய இடத்துக்கே கொண்டு போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்காக இலகுவான குண்டை எடுத்தவர், கைப்பிடிச் சுவரின் கட்டளையை ஏற்றுக்கொண்டுவிட்டார். ஏற்றுக்கொண்ட பிறகு குண்டோடு நின்றுவிட அவருக்கு வழியில்லை. அதே கட்டளை பூட்டைக் கேட்கும். பிள்ளைக்குத் தெரியாத திறப்பெண்ணைக் கேட்கும். வீட்டில் ஒருவர் மனச்சோர்வில் இருக்கும் காலத்தில் துப்பாக்கியை வேறிடத்தில் கொடுத்து வைக்கச் சொல்லும். உறுதியான கதவும், வாசலில் விளக்கும், நாயும் அதற்கு முன்பே வரவேண்டும் என்று சொல்லும். தோட்டாவில் கவனமும் பூட்டில் அலட்சியமும் உள்ளவர் காவலை நாடவில்லை. வேறு எதையோ நாடியிருக்கிறார்.

வெளிச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரம், கன்னமிடும்போது அகப்பட்ட திருடன் அடிபட்டுச் செத்தால் பழியில்லை என்கிறது. சூரியன் உதித்திருந்தால் பழி உண்டு என்கிறது. நம் நாட்டில் 1860இல் வந்த தண்டனைச் சட்டமும், அதன் இடத்தில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும், சொத்துக்காக உயிர் போக்கும் அளவுக்குத் தற்காப்பு உரிமை நீளும் சந்தர்ப்பங்களில் ஒன்றாக ராத்திரிக் கன்னமிடலைத்தான் வைத்திருக்கின்றன. தல்மூதின் ரபிகள் சூரியனை வேறு விதமாகப் படித்தார்கள். வந்தவன் கொல்ல வரவில்லை என்பது சூரியனைப் போல் தெளிவாகத் தெரிந்தால் அவனைக் கொல்லலாகாது என்பது அவர்கள் உரை. மகன் வீட்டில் கன்னமிடும் தகப்பன் அவர்கள் காட்டும் உதாரணம். தகப்பன் மகனைக் கொல்லமாட்டான், ஆகவே மகன் தகப்பனைக் கொல்லக் கூடாது. இருட்டில் வந்தவன் யார் என்று தெரிவதற்குத்தான் எல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் பதினாறு வயது ஜப்பானிய மாணவர் ஒருவர், ஹாலோவீன் விருந்துக்கு முகவரி தவறி வேறொரு வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து நிற்கச் சொன்ன ஆங்கிலச் சொல் அந்தப் பையனுக்குப் புரியவில்லை போலும். ஒரே குண்டு, நெஞ்சில். அடுத்த ஆண்டு ஜூரி அவரை விடுதலை செய்தது. அந்த இடத்தில் எந்த ரகத் தோட்டாவும் உதவியிருக்காது. இன்னும் பத்து நொடிப் பொறுமையும், பூட்டிய கதவும், ஒரு தொலைபேசி அழைப்பும்தான் உதவியிருக்கும்.

மூன்றாவது மறுப்பை நான் மரியாதையோடு கேட்கிறேன். அம்புரோஸின் வழியில் நிற்பவர்கள், ஆமிஷ் கிறிஸ்தவர்கள் போன்றோர், மான் வேட்டைக்கு ரைஃபிள் வைத்திருந்தும் அதை மனிதன்மேல் திருப்பமாட்டார்கள். அவர்களுடைய கேள்வி இது: குண்டை இவ்வளவு நேர்த்தியாகத் தேர்ந்தெடுப்பது, கொலைக்கு ஒரு நல்ல மனசாட்சியைத் தயார் செய்துகொள்வது ஆகாதா? தன் உயிரை மட்டும் நினைத்துப் பார்க்கும்போது அவர்கள் நிலை என்னுடையதைவிட உயர்ந்தது. அதை மறுக்க என்னிடம் சொல் இல்லை. ஆனால் வீட்டில் தன்னால் ஓட முடியாத ஒரு தாயோ தொட்டில் குழந்தையோ இருக்கும்போது, அவர்கள் உயிரையும் தன் துறவுக்குள் சேர்த்துக் கொடுத்துவிட வீட்டுக்காரருக்கு உரிமை உண்டா என்பது எனக்குத் தெளிவாக இல்லை. தெளிவாகத் தெரிவது இவ்வளவுதான். வன்முறையை அடியோடு விடாதவர் அதை அளக்கக் கடமைப்பட்டவர். அளக்க மறுப்பதற்கு அகிம்சையைக் காரணம் காட்ட அவருக்கு வாய்ப்பில்லை.

டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் நம்மவர்கள் வீடு வாங்கியிருக்கிறார்கள். இந்தியக் குடும்பங்களின் தங்க நகைகளைக் குறிவைத்த கொள்ளைகள் அந்த நாட்டில் பல இடங்களில் நடந்திருக்கின்றன. பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதனால் துப்பாக்கிக் கடைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பெட்டியை வாங்குவதற்கு முன் ஒருநாள் மாலை, வாசலை நோக்கி நின்று சுட வேண்டிவந்தால் எங்கே நிற்பீர்களோ அங்கே நின்று, எதிரே உள்ள ஒவ்வொரு சுவரையும் விரலால் தட்டிப் பாருங்கள். அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். அதற்கு அந்தப் பக்கம் யாருடைய கட்டில் கிடக்கிறது, அதற்கும் அப்பால் பக்கத்து வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு திசையாவது காலியாக இருந்தால் அந்தத் திசைக்காகவும், இலகுவாக உடையும் குண்டுக்காகவும், முதலில் ஒரு நல்ல பூட்டுக்காகவும் பணம் செலவழியுங்கள். எல்லாச் சுவருக்கும் பின்னால் ஒரு கட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கு ஏற்ற ரைஃபிள் தோட்டா எந்தக் கடையிலும் இல்லை.